இப்னு பதூதா உண்ட சோறும் மொராக்கோவின் குஸ்குஸும்

மொராக்கோ உணவு என்றவுடன் பெருநகரங்களின் உயர்விலை உணவகங்களே நம் நினைவில் எழுகின்றன. குடும்பத்தோடு ஒருமுறை சென்றுவந்தால் அந்த மாதத்து மளிகைக் கணக்கு இடிக்கும் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், அது எளியோரின் உணவே என்பதற்கு நமக்கொரு சாட்சி இருக்கிறார். அவர் தமிழ் மண்ணில் நோயுற்று, நம் அடுப்பங்கரைப் பொருள் ஒன்றினால் நலம் பெற்றவரும் ஆவார்.

தான்ஜியர் நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார். 1333இல் இந்தியாவை அடைந்தார். டில்லியில் காஜியாகப் பணியாற்றியபின் மாலத்தீவு, இலங்கை எனச் சுற்றி, கப்பல் சேதமுற்ற நிலையில் நம் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. ஆகவே விருந்துக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. கோதுமை ரொட்டியில் வளர்ந்த அம்மனிதருக்கு மலபாரிலும் மாலத்தீவிலும் இலங்கையிலும் சோழமண்டலத்திலும் கிடைத்தது சோறு மட்டுமே. மூன்றாண்டுகள் அதையே உண்டு, இறுதியில் தண்ணீரின் துணையின்றி விழுங்கவும் இயலாமற் போனதாக அவரே பதிவு செய்திருக்கிறார். வளைகுடாவில் குப்பூஸைக் கண்டு சோற்றுக்கு ஏங்கும் நம் பிள்ளைகளின் கதை, இங்கே தலைகீழாக நிகழ்ந்திருக்கிறது!

ஆயினும் அவர் நம் பக்கத்து உணவை இகழ்ந்தவர் அல்லர். ஹொன்னாவரில் உண்ட விருந்தை வரிசை பிறழாமல் வருணிக்கிறார்: சோறு, அதன்மேல் நெய், தொட்டுக்கொள்ள மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள், அடுத்துக் கோழிக்கறி, முடிவில் தயிர். மிளகாய் அவ்வரிசையில் இல்லை. அது அமெரிக்காவிலிருந்து பின்னாளில் வந்தது.

மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்த நாளில் அவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. முடிவு நெருங்கிவிட்டதென்றே எண்ணினார். அவ்வேளையில் புளியை நாடும் எண்ணத்தை அல்லாஹ் தமக்கு உதிக்கச் செய்தான் என்கிறார். ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடிக்க, மூன்று நாள் வயிறு கழிந்து காய்ச்சல் நீங்கியது. அரபியர் புளிக்கு இட்ட பெயரே 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை.

1349இல் தாயகம் திரும்பியவர், சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு ஜுஸைய் எழுத, தம் பயணத்தைச் சொல்லி முடித்தது 1355இல். அதில் மொராக்கோவின் மலிவைப் பெருமிதத்தோடு கணக்கிட்டுக் காட்டுகிறார். மேற்கின் திர்ஹம் சிறியது, பயனோ பெரியது என்பது அவர் வாதம். எகிப்தில் ஒரு வெள்ளித் திர்ஹம் கொடுத்து வாங்கும் ஆட்டிறைச்சியை, விலையேறிய காலத்திலும் அதன் மூன்றில் ஒரு பங்குக்குத் தம் நாட்டில் வாங்கலாம் என்கிறார். சொந்த ஊர்ப் பாசம் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். எனினும் விலையைத் திர்ஹமும் எடையுமாகச் சொல்லும் பயணி அரியவர்.

அந்நாட்டின் தலையாய உணவான குஸ்குஸ், உண்மையில் நம் புட்டின் உறவினம். கோதுமை ரவையில் நீரும் மாவும் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி, கீழ்ப்பானையில் கொதிக்கும் குழம்பின் ஆவியிலேயே வேகவைக்கிறார்கள். மேலே கொண்டைக்கடலை, பரங்கிக்காய், கேரட், முட்டைக்கோஸ், வசதியிருந்தால் இறைச்சி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, குடும்பமே ஒரு தட்டைச் சூழ்ந்தமர்ந்து, அவரவர் தமக்கு முன்னுள்ளதை உண்பர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனில் உண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோதுமைதான் வேண்டுமென்பதும் இல்லை. மாலி நாட்டில் கடுகளவேயான ஃபோனியோ தானியத்தில் குஸ்குஸ் செய்வதையும் இப்னு பதூதா கண்டு எழுதியுள்ளார். அவ்வாறாயின் நம் சாமைக்கு என்ன தடை? சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாய் விளைவித்துவரும் தானியம் அது. ஏற்காட்டுக்குச் செல்லும் குடும்பங்கள் கரடியூர்க் காட்சிமுனையைப் பார்த்துவிட்டு, காப்பித்தூளும் மிளகும் வாங்கித் திரும்புவதோடு நின்றுவிடுகின்றன. கிடைத்தால் இரண்டு கிலோ சாமையும் வாங்கலாம். சாமையை ரவையாக உடைத்து, இட்லிப் பானையின் துணித்தட்டில் பரப்பி, அடியில் தண்ணீருக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைக் குழம்பை வைத்தால் போதும். முதல் ஆவி வந்ததும் இறக்கி, கட்டி உடைத்து, உப்புநீர் தெளித்து, மீண்டும் ஒருமுறை ஏற்ற வேண்டும்.