ரத்தத்தில் இல்லை தாளம்: சூச்சோ வால்தேஸின் இளமை குறித்து

சூச்சோ வால்தேஸின் இசைத்தட்டு ஒன்றை வீட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: ‘இவங்களுக்கெல்லாம் தாளம் ரத்தத்துலயே ஊறினதுப்பா.’ பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஒருவர் கற்ற இடங்களை, கற்பித்தவர்களை, விரல் வலிக்க உட்கார்ந்த நேரங்களை எல்லாம் இந்தப் பாராட்டு ஒரே வாக்கியத்தில் துடைத்துப்போடுகிறது. ‘இயல்பு’ என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் ஒரு வரலாறு மறைக்கப்படுகிறது என்பது என் சந்தேகம்.

1941 அக்டோபர் 9, ஹவானாவுக்குத் தெற்கே கிவிக்கான் என்கிற சிற்றூர். அப்பா பெபோ வால்தேஸ் பிறந்ததும் அதே ஊரில், அதே தேதியில்தான் (1918). அம்மா பிலார் ரோட்ரிகஸும் பியானோ வாசித்தவர், பாடியவர். வெளியே கிளம்பிய அப்பா எதையோ மறந்து திரும்பியபோது பியானோ ஒலிக்கக் கேட்டு, வாசிப்பது தன் சின்னஞ்சிறு மகன்தான் என்று கண்டாராம். சூச்சோவே பேட்டிகளில் சொல்லியிருக்கிற கதை. ‘மேதை பிறந்தான்’ என்கிற கதையாடலுக்கு வாகான காட்சிதான். எனக்குப் படுவது வேறு: அந்த வீட்டில் ஒரு பியானோ இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

பிறகு வந்த ஆசிரியர் ஆஸ்கர் முன்யோஸ் பூஃபர்த்திக். செலியா குரூஸ் பாடிப் புகழ்பெற்ற ‘புருந்தாங்கா’வை இயற்றியவர் இவரே. ஐரோப்பிய சுரக்குறிப்பைச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர்தான் தெருவே பாடிய பாட்டையும் எழுதினார். ‘செவ்வியல்’, ‘வெகுசனம்’ என்று நாம் போடுகிற கோடு அந்த வகுப்பறையில் செல்லுபடியாகவில்லை. அடுத்து ஹவானா நகராட்சி இசைப்பள்ளி. பதினான்கு வயதில் அங்கே படிப்பு முடிந்தது.

இன்னொரு பள்ளி டிராபிகானா. பெபோ 1948 முதல் 1957 வரை அந்தக் கேளிக்கை விடுதியில் பியானோ வாசித்தார், இசைக்கோவைகள் அமைத்தார். ஒத்திகைகளுக்கு மகனையும் கூட்டிப்போவார். சிறுவன் அங்கே கேட்டது ஜாஸ். கறுப்பர்கள் மேடையேறலாம், வாடிக்கையாளராக மேசையில் உட்கார முடியாது என்கிற விதியும் அந்தப் பள்ளியின் பாடம்தானே?

1952இல் பெபோ ‘பதாங்கா’ என்கிற தாளத்தை அறிமுகப்படுத்தினார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொரூபா மக்களின் வழிபாட்டு முரசான ‘பதா’வை நடன இசைக்குழுவுக்குள் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போலீஸ் துரத்திய முரசு அது! வியாபார ரீதியில் பதாங்கா நிற்கவில்லை; மாம்போ அலை அதை விழுங்கிவிட்டது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த மகனுக்கு வயது பத்து. இருபத்தோரு வருஷம் கழித்து, 1973இல், சூச்சோ தொடங்கிய ‘இராக்கெரே’ குழுவில் மின்கிதாருக்குப் பக்கத்தில் அதே பதா ஒலித்தது. இதை ரத்தம் என்று சொல்வதா, அப்பாவின் தோற்றுப்போன பரிசோதனை என்று சொல்வதா?

1959இல் அப்பாவின் ‘சபோர் தெ கூபா’ குழுவிலேயே சூச்சோ பியானோவில் உட்கார்ந்தார். 1960 அக்டோபரில் பெபோ மெக்சிகோவுக்குப் போனார். பிற்பாடு ஸ்டாக்ஹோமில் குடியேறினார். கியூபாவுக்குத் திரும்பவேயில்லை. மகன் தங்கிவிட்டார். ஜாஸ் எதிரியின் இசை என்று சந்தேகிக்கப்பட்ட வருஷங்கள் அவை. 1967இல் சூச்சோ சேர்ந்த அரசு இசைக்குழுவின் பெயரில் ‘ஜாஸ்’ இல்லை, ‘நவீன இசை’ என்றுதான் இருந்தது.

1978இல் இராக்கெரே நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசிக்கப் போனபோதுதான் அப்பாவும் மகனும் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள். அப்போது சூச்சோவுக்கு வயது முப்பத்தாறு.