செதுக்கப்படாத எஃகு

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனில் முதல்தர வேட்டைத் துப்பாக்கி ஒன்றை வாங்குவது, கடைக்குச் சென்று பொருளை எடுத்துவரும் காரியம் அன்று. தையற்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதுபோலத் தோளும் கைநீளமும் அளக்கப்படும். பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பர்டி, பாஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் முதலிய பட்டறைகள் இவ்வாறு செய்தளித்த இரட்டைக்குழல் ரவைத் துப்பாக்கிகளை அத்தொழிலார் 'பெஸ்ட்' என்ற ஒரே சொல்லால் குறித்தனர். அவற்றின் எஃகுப் பக்கத்தகடுகளில் ரோஜாக்களும் சுருள்கொடிகளும் நுண்ணிதாகச் செதுக்கப்பட்டிருப்பது வழக்கம். ஆயினும், அதே தரத்தில் செய்யப்பட்டுத் தகடுகள் வெறுமையாக விடப்பட்ட துப்பாக்கிகளும் உண்டு. செய்தவர் பெயரும் விளிம்பையொட்டிய மெல்லிய கோடும் தவிர அவற்றில் வேறொன்றும் இராது. எதையும் வாங்க வல்லவர்கள் அணியை மட்டும் ஏன் வேண்டாம் என்றனர்?

சிக்கனம் என்பது முதலில் தோன்றும் விடை. அதில் ஓரளவு உண்மை உண்டு; ஆனால் அது போதாது. இத்துப்பாக்கியின் விலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உழைப்பில் அடங்கியிருந்தது. இரு குழல்களும் ஒரே இலக்கில் சுடும்படி இணைப்பதும், விசைப்பொறியைப் பொருத்துவதும், வால்நட் கட்டையை எஃகோடு மயிரிழை இடைவெளியின்றிச் சேர்ப்பதும்தான் செலவைத் தீர்மானித்தன. செதுக்கலைத் தவிர்த்ததால் மிஞ்சியது மொத்த விலையில் சிறு பகுதியே.

விடையின் ஒரு பகுதி, துப்பாக்கிப் பட்டறைக்கு வெளியே ஆங்கிலேய மேட்டுக்குடியின் ரசனையில் இருக்கிறது. நெப்போலியன் காலத்தில் வெர்சேல்ஸ் ஆயுதச்சாலையை நடத்திய நிக்கோலா நோயல் பூட்டே, துப்பாக்கிகளைப் பொன்னாலும் புடைப்புச் சிற்பங்களாலும் நிறைத்தார். அதே காலத்து லண்டனில் ஜோசப் மேன்டனின் துப்பாக்கிகள் பழுப்பேற்றிய குழலும் அடக்கமான எஃகுமாக, வடிவத்தின் ஒழுங்கை மட்டுமே நம்பி நின்றன. 1814இல் சொந்தத் தொழில் தொடங்கிய ஜேம்ஸ் பர்டி, மேன்டனின் பட்டறையில் பணியாற்றியவர். பட்டும் சரிகையும் நீங்கி, வெட்டின் நேர்த்தியால் மட்டும் மதிக்கப்படும் கருங்கோட்டு ஆண்களின் உயர்ந்த உடையாகியதும் அந்தத் தலைமுறையில்தான். அம்மாற்றத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் பியூ பிரம்மெல். கடனுக்கு அஞ்சி 1816இல் அவர் கலே நகருக்கு ஓடிவிட்டார். ஆனால் அவர் பரப்பிய ரசனை இங்கிலாந்திலேயே தங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் தொழில் சார்ந்தது. செதுக்குபவர் உளியை எடுக்குமுன் அந்த எஃகை அரத்தால் வடிவாக்கியவர் வேறொருவர். சிறு மேடுபள்ளங்களையும் இணைப்பின் சிறு பிசகையும் கொடிச்சுருள்கள் மறைத்துவிடும். வெறுந்தகடு எதையும் மறைக்காது. ஒளி படும்போது அரத்தின் ஒவ்வொரு தவறும் அதில் தெரியும். அணியற்ற துப்பாக்கியைக் கேட்டவர் உண்மையில் அரம் பிடித்தவரின் கையைப் பார்க்கக் கேட்டார் என்றே நாம் கொள்ளலாம். எலும்புக்கரியில் சூடேற்றி எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கும்போது படரும் நீலமும் பழுப்பும் கலந்த நிறங்கள் முழுமையாகத் தெரிவதும் அங்கேதான். தண்டியலங்காரம் பொருளணிகளை அடுக்கும்போது தன்மையணியை முதலில் வைத்திருப்பது இங்கே நம் நினைவுக்கு வருகிறது. உள்ளதை உள்ளபடி காட்டுவதும் ஓர் அணியே.

பயன்பாடு சார்ந்த காரணமும் உண்டு. உப்புக்காற்று வீசும் சதுப்பில் வாத்து வேட்டையாடுபவருக்கு, செதுக்கிய பள்ளங்களில் தங்கும் ஈரமும் துருவும் தொல்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: மெருகேற்றிய எஃகின் பளபளப்பைச் செதுக்கல் தணிக்கும், சிறு கீறல்களையும் மறைக்கும். எனவே பயன் ஒன்றையே கருதி வெறுமையைத் தேர்ந்தார்கள் என்பதற்கில்லை.

இதை எளிமையின் அறமாகக் கொண்டாடுவதும் பொருந்தாது. 1888 ஆகஸ்ட் 30 அன்று வால்சிங்ஹாம் பிரபு ஒரே நாளில் 1,070 குரௌஸ் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார். அந்த உலகத்தின் கருவிதான் இது. அங்கே துப்பாக்கிகள் இணையாகவே வாங்கப்பட்டன. ஒன்றைச் சுடும்போது மற்றொன்றில் பணியாள் தோட்டா நிரப்புவார். அடையாளத்துக்காகப் பொன்னில் பதித்த 1, 2 என்னும் எண்களே சிலவற்றில் கண்ட ஒரே ஆடம்பரம். அறிந்தவர் மட்டும் அறியும்படி விலையை மறைப்பது அடக்கமன்று. செருக்கின் மற்றொரு வடிவம்.

அமெரிக்காவில் நிலை வேறு. கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரின் பார்க்கர் நிறுவனம் தரங்களை எழுத்துகளால் பிரித்தது. தரம் உயர உயர மரமும் உயரும், செதுக்கலும் கூடும். அங்கே செதுக்கலே தரத்தின் முகவரி. ஆகவே உயர்தரத்துக்கு விலை கொடுத்துச் செதுக்கலை விலக்கியவர், பிறர் தன் துப்பாக்கியின் தரத்தை அறியும் வழியையே விட்டுக்கொடுத்தார். ஆங்கிலேயர் தம் வட்டத்தின் கண்ணை நம்பினார். இவரோ தம் கண்ணை மட்டுமே நம்பினார்.

1934இல் பார்க்கர் நிறுவனம் ரெமிங்டனின் கைக்குப் போயிற்று. பழைய துப்பாக்கிகள் சேகரிப்பாளர்களின் பொருளானபின், வெறுமையான தகடுகளில் புதிதாகச் செதுக்கி விலையை உயர்த்தும் வழக்கமும் வந்தது. எஃகில் ஒருமுறை உளி பட்டால் மீட்சியில்லை. எஞ்சியிருக்கும் பழைய ஆர்டர் புத்தகங்களின் வரிகளைத் தவிர, முதலில் வாங்கியவர் என்ன கேட்டார் என்பதற்குச் சாட்சி இராது. ஏட்டில் இடைச்செருகல் செய்தவனை நாம் மன்னிப்பதில்லை; அவன் சேர்த்த பாட்டு அழகாக இருந்தாலும்கூட. அந்த வெறுந்தகடும் ஒருவர் கேட்டுப் பெற்ற பாடமே. அதைக் குறையென்று எண்ணி நிரப்புகிறவர், நூறாண்டுக்கு முந்தைய ஒரு முடிவை அழிக்கிறார். அரம் பிடித்த அந்தப் பெயர் தெரியாத கையையும் கூடவே அழிக்கிறார்.