யார் தலையில் கற்பது?
மூளைக் காந்தத் தூண்டல் பயிற்சியின் வரலாறு குறித்து

மருத்துவ வரலாறு என்று நமக்குத் தரப்படுவது பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறு. ஒருவர் கண்டுபிடித்தார், இன்னொருவர் மேம்படுத்தினார், நோயாளி குணமடைந்தார்; கதை முடிந்தது. கை எப்படிப் பழகியது, எவர் உடம்பில் பழகியது என்கிற கேள்வி இந்தக் கதையாடலுக்குள் வருவதே இல்லை. எந்தச் சிகிச்சையானாலும் அதைக் கற்றுக்கொள்ள ஓர் உடம்பு வேணும். அந்த உடம்பு யாருடையது என்று கேட்டுக்கொண்டே ஒரு வரலாற்றை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. மனச்சோர்வுக்கு இன்று பல நாடுகளில் தரப்படும் டி.எம்.எஸ். எனப்படும் மூளைக் காந்தத் தூண்டலை அதற்கு எடுத்துக்கொள்கிறேன்.

1870-இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்ஸிக்கும் நாயின் மூளையில் மின்சாரம் பாய்ச்சி, எதிர்ப்பக்கத்துக் கால் அசைவதைக் காட்டினார்கள். மனிதர்களிடத்தில் செய்து பார்க்க நான்கு வருஷம்தான் ஆயிற்று. 1874-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில், மேரி ராஃபர்ட்டி என்ற வீட்டு வேலைக்காரப் பெண்ணின் தலையில் புற்று மண்டையோட்டை அரித்து மூளை வெளியே தெரிந்தது. ராபர்ட்ஸ் பார்த்தலோ என்ற மருத்துவர் அதில் ஊசிகளைச் செருகி மின்சாரம் விட்டார். கை கால் அசைந்தது. அளவைக் கூட்டினார், வலிப்பு வந்தது. சில நாட்களில் அவள் இறந்துபோனாள். அவள் சம்மதித்தாள் என்று எழுதியவர் அவரேதான். அவள் மந்தபுத்திக்காரி என்று எழுதியவரும் அவரேதான். கண்டனம் எழுந்த பிறகு, இனி இதை யாரும் திரும்பச் செய்வது குற்றம் என்றும் எழுதினார். ஏழை, பெண், வேலைக்காரி, சாகப்போகிறவள் – மனித மூளையின் பாடப்புத்தகம் இங்கேதான் திறக்கப்பட்டது.

காந்தத்தின் வழி வேறு. 1896-இல் பாரிஸில் தார்சோன்வாலும், 1910-இல் லண்டனில் சில்வானஸ் தாம்ப்சனும் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைத்தால் கண்ணுக்குள் ஒளி மினுங்குவதாகச் சொன்னார்கள். தாம்ப்சன் உள்ளே வைத்தது தன் சொந்தத் தலையை! 1985-இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவருடைய சகாக்களும் இந்த வழியில் மூளையையே தொட்டார்கள். தத்துவம் ஃபாரடே 1831-இல் சொன்னதுதான்: கம்பிச்சுருளில் ஒரு கணம் பெரும் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் எழுந்து அடங்கும், அது மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து மூளைக்குள் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். தலையைத் திறக்க வேண்டியதில்லை. அதனாலேயே ஆய்வாளர்கள் ஒருவர் தலையில் இன்னொருவர் சுருளை வைத்துப் பழகுவது ஆய்வுக்கூட வழக்கமாயிற்று. பார்த்தலோவுக்கும் இவர்களுக்கும் நடுவில் இருப்பது தொழில்நுட்ப வித்தியாசம் மட்டுமல்ல, அறம் சார்ந்த வித்தியாசமும்தான்.

பயிற்சியின் முதல் பாடம் பெருவிரல். சுருளை உச்சந்தலைக்குச் சற்றுப் பக்கத்தில் வைத்து நகர்த்தி, எதிர்க்கையின் பெருவிரல் துடிக்கும் இடத்தைத் தேடவேண்டும். பத்துத் தடவை தூண்டினால் ஐந்து தடவையாவது துடிக்கிற மிகக் குறைந்த அளவே அந்த ஆளுக்குரிய வாசல். இது ஆளுக்கு ஆள் மாறும். சிகிச்சையின் அளவெல்லாம் இதை வைத்துத்தான். சிக்கல் என்னவென்றால், மனச்சோர்வுக்குத் தூண்ட வேண்டிய முன்மூளைப் பகுதி ஊமை. அங்கே தூண்டினால் எந்த விரலும் துடித்துப் பதில் சொல்லாது. ஆகவே, பெருவிரல் துடித்த இடத்திலிருந்து 5 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்து என்று ஒரு விதி வைத்தார்கள். 1990களில் எல்லோரும் கற்றது இதைத்தான். 2001-இல் ஹெர்விக் குழுவினர் 22 நோயாளிகளிடம் சோதித்தபோது, 7 பேரிடம்தான் சுருள் உத்தேசித்த பகுதிக்கு மேல் நின்றிருந்தது. பேசாத உறுப்பைப் பேசும் உறுப்பை வைத்து அளப்பதில் இருக்கிற அபாயம் இது.

விதிகளும் விபத்துகளிலிருந்துதான் பிறந்தன. தூண்டலை அடுத்தடுத்துக் கொடுக்கும் இயந்திரங்கள் வந்தபின், நோயில்லாத தன்னார்வலர்கள் சிலருக்கே வலிப்பு வந்தது. 1996-இல் பெதஸ்டாவில் ஆய்வாளர்கள் கூடிப் பேசினார்கள். எந்த வேகத்தில், எந்த வலுவில், எவ்வளவு நேரம் என்கிற வரம்புகள் 1998-இல் அச்சாயின. 2008-இல் இத்தாலியின் சியேனாவில் மறுபடி கூடித் திருத்தினார்கள். அதே 2008-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மனச்சோர்வுக்கான முதல் இயந்திரத்தை அனுமதித்தது. சுருள் ஆய்வுக்கூடத்திலிருந்து கிளினிக்குக்கு வந்தது. ஒரு அமர்வு 37.5 நிமிடம், 3000 தூண்டல், வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். மருத்துவர் அளவைக் குறித்துவிட்டுப் போவார். தினமும் பக்கத்தில் இருப்பவர் தொழில்நுட்பர். அவருக்கு யார் கற்றுத்தந்தது? பல இடங்களில் இயந்திரத்தை விற்றவர்களே. மருத்துவ நரம்பு உடலியங்கியலின் சர்வதேசக் கூட்டமைப்பு அமைத்த குழு, தொழில்நுட்பர், மருத்துவர், ஆய்வாளர் ஆகிய மூவருக்கும் என்னென்ன பயிற்சி வேண்டும் என்று பரிந்துரை வெளியிட்டது 2021-இல். அனுமதிக்கும் இதற்கும் இடையே 13 வருஷம். சரக்கு முன்னால் போயிற்று, பாடத்திட்டம் பின்னால் வந்தது.

நம் தோழர்கள் சிலர் இதையும் 'கரண்ட் ஷாக்' கணக்கில் சேர்த்து ஒரேயடியாக நிராகரிப்பார்கள். அது சோம்பேறித்தனமான வாசிப்பு. 1938-இல் ரோமில் செர்லெட்டியும் பீனியும் தொடங்கிய மின்னதிர்ச்சியில் வலிப்பை வரவழைப்பதுதான் சிகிச்சை; இங்கே வலிப்பு என்பது விபத்து, அதுவும் அபூர்வமானது. இங்கே மயக்கமருந்து கிடையாது. நோயாளி விழித்திருக்கிறார், பேசமுடிகிறது. இது சின்ன விஷயமில்லை. மருந்துகள் கைவிட்டவர்களில் சிலருக்கு இது உதவியிருக்கிறது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஃபூக்கோ சொல்லும் மருத்துவப் பார்வை நோயாளியை மௌனமாக்கித்தான் அவரது உடலைப் படிக்கிறது. ஆனால் இந்த நாற்காலியில் அந்த மௌனம் மருத்துவத்துக்கே ஆபத்து. எப்படி என்று சொல்கிறேன்.

தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் அபாயம் கூடும். புது மாத்திரை ஒன்று சேர்ந்தால், பழையதை நிறுத்தினால், குடியை விட்டால், நேற்று அளந்த வாசல் இன்று அதே வாசல் இல்லை. இதை எந்தச் சுருளும் கண்டுபிடிக்காது. ராத்திரி தூங்கினீங்களா, மாத்திரை ஏதும் மாறிச்சா என்று தினமும் கேட்டு, வரும் பதிலை நம்பி, தேவைப்பட்டால் அன்றைய அமர்வையே நிறுத்தத் தெரிந்தவர்தான் பயிற்சி பெற்றவர். நிறுத்தும் அதிகாரம் குறைந்த சம்பளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தொழில்நுட்பருக்கு உண்டா? கடைசியாக எப்போது அளந்தீர்கள், நீங்கள் யார் தலையில் கற்றீர்கள் என்று நோயாளி திருப்பிக் கேட்டால் பதில் வருமா? மனநலம் சார்ந்து இயங்கும் நண்பர்கள் மருத்துவமனை வாசலில் நின்று கேட்கவேண்டியவை இவைதான். மேரி ராஃபர்ட்டியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவள் சொன்னதாக நமக்குக் கிடைப்பதும் பார்த்தலோ எழுதியது மட்டும்தான்.