மூளைக்கு நல்லதாம்: முதியோர் ஆட்டங்களின் ஒரு சிறு வரலாறு

மைசூரில் என்னுடன் வசிக்கும் என் தந்தைக்கு வயது 74. சென்ற மாதம் ஒரு பிற்பகலில் அவரது அறைக்குள் எதிர்பாராமல் நுழைந்தேன். கையிலிருந்த கைப்பேசியைச் செய்தித்தாளுக்கடியில் அவசரமாக மறைத்தார். கேண்டி க்ரஷின் இசை மட்டும் தாளுக்குள்ளிருந்து ஒலித்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "மூளைக்கு நல்லதாம்ப்பா, பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார்.

இருபத்தேழு ஆண்டுகள் வங்கியில் ஊரார் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணிக் கொடுத்தவர், ஓர் ஆட்டம் ஆடுவதற்கு மருத்துவக் காரணம் காட்ட வேண்டிய நிலை எப்படி வந்தது? வரலாற்று மாணவனாகிய எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் வசிக்கும் ஊரிலேயே இதற்கொரு முன்கதை இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1794இல் பிறந்தவர். 1799இல், ஐந்து வயதுச் சிறுவனாக, அரியணை ஏற்றப்பட்டவர். நகர் பகுதியில் எழுந்த உழவர் கிளர்ச்சியைக் காரணம் காட்டி 1831இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரிடமிருந்து ஆட்சியைப் பறித்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 37. அரண்மனையும் பட்டமும் எஞ்சின. முடிவெடுக்கும் உரிமை போயிற்று. அதன்பின் மேலும் 37 ஆண்டுகள், 1868இல் இறக்கும்வரை, அவர் வாழ்ந்தார். இன்றைய சொல்லில் கூறினால், கட்டாய ஓய்வு பெற்றவர்.

அந்த நெடிய ஓய்வில் அவர் செய்தவற்றுள் ஆட்டங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் பெயரால் வழங்கும் ஸ்ரீதத்வநிதி என்னும் பெருந்தொகுப்பின் ஒன்பது பகுதிகளுள் முதல் எட்டும் தெய்வங்கள், கோள்கள், ஆகமம் என்று செல்கின்றன. ஒன்பதாவதாகிய கௌதுக நிதி ஆட்டங்களுக்கு உரியது. கஞ்சிஃபாச் சீட்டுக்கட்டின் முகலாய வடிவில் 96 சீட்டுகள். தசாவதார வடிவில் 120. இவரோ 300க்கும் மேற்பட்ட சீட்டுகள் கொண்ட கட்டுகளையும் வகுத்தார். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களையும் குதிரை ஒவ்வொன்றாக, ஒருமுறை மட்டும் மிதித்துக் கடக்கும் புதிரில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. அப்பாதைகளில் கட்டங்களுக்கு இடும் எண்களை எப்படிக் கூட்டினால் ஒரே தொகை வரும் என்றெல்லாம் முயன்றிருக்கிறார்.

இதை ஒரு மன்னரின் பொழுதுபோக்கு என்று கடந்துவிடலாம். ஆட்சியில் ஒரு தாசில்தாரை நியமிக்கும் அதிகாரமும் இல்லாதவர், 64 கட்டங்களுக்குள் மட்டும் யாருடைய ஒப்புதலும் இன்றி முடிவெடுக்க முடிந்தது என்று நான் அதைப் படிக்கிறேன். இது என் ஊகமே. அவர் அவ்வாறு எங்கும் எழுதிவைத்ததாகச் சொல்லவில்லை.

இந்திய இலக்கியம் நமக்குப் பழக்கிய சித்திரம் இதற்கு நேர்மாறானது. பிரேம்சந்த் 1924இல் எழுதிய 'சதுரங்க ஆட்டக்காரர்கள்' கதையும் அதைத் தழுவி 1977இல் சத்யஜித் ராய் எடுத்த படமும், 1856இல் அவத் நாடு கம்பெனியின் கைக்குள் போய்க்கொண்டிருக்கையில் காய் நகர்த்திக்கொண்டிருந்த இரு பிரபுக்களைக் காட்டின. கதை மகத்தானது. ஆனால் ஆட்டத்தால்தான் நாடு போயிற்று என்பதுபோன்ற ஓர் எண்ணம் படித்த நடுத்தர வர்க்கத்தின் மனத்தில் ஊன்றிவிட்டது. மைசூரில் நிகழ்ந்தது மறுதலை: நாடு முதலில் போயிற்று, ஆட்டம் பிறகு வந்தது.

இனி என் தந்தையின் தலைமுறைக்கு வருகிறேன். 1969இல் வங்கிகள் நாட்டுடைமையான பின் எழுத்தராகச் சேர்ந்தவர்கள் இவர்கள். கணினி வந்தால் வேலை போகும் என்று கொடி பிடித்தவர்களும் இவர்களே. ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை தந்தது. எதிர்ப்பினூடே, ஒப்பந்தம் ஒப்பந்தமாகக் கணினி உள்ளே வந்தது. 1990இல் வெளியான விண்டோஸ் 3.0உடன் சாலிடேர் என்னும் சீட்டாட்டமும் இலவசமாக வந்தது. பேரேட்டில் பழகிய விரல்களுக்குச் சுட்டியைப் பிடிப்பதும் இழுப்பதும் விடுவதும் அந்நியம். உணவு இடைவேளையில் சிவப்பு ஏழைக் கறுப்பு எட்டின்மேல் இழுத்து வைத்தே பலர் அதைக் கற்றனர். பயிற்சி வகுப்பில் வராதது சாலிடேரில் வந்தது என்று தந்தை இன்றும் சொல்வார். 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ்ப் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ 1 லட்சம் பேர் வெளியேறினர். ஐம்பது வயதில், சுட்டி பிடிக்கத் தெரிந்த விரல்களோடு வீட்டுக்கு வந்தவர்களுள் அவரும் ஒருவர். இந்தியாவில் காணொளி விளையாட்டு என்றாலே சிறுவர்களின் கான்ட்ராவும் மாரியோவும்தான் நினைவுகூரப்படுகின்றன. அலுவலகத்துச் சாலிடேர்க்காரர்களின் வரலாற்றை யாரும் எழுதவில்லை என்பது என் மனக்குறை.

பெண்களின் கதை வேறு. ஆண்களுக்குச் சங்கங்கள் இருந்தன. ரம்மி திறமை சார்ந்த ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968இல் கூறியதும் ஆந்திரத்தின் ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தார்மீது தொடுத்த வழக்கில்தான். ஐம்பதைக் கடந்த ஒரு குடும்பத்தலைவி மாலையில் அப்படிப் போய் அமர இடம் ஏது? 2020 மார்ச் 25 அன்று நாடு முடங்கியது. நவி மும்பையில் உருவாகி 2016இல் வெளியாகியிருந்த லூடோ கிங் வீடுதோறும் நுழைந்தது. மைசூரிலிருந்து என் தாயும் நாக்பூரிலிருந்து சித்தியும் தினமும் மாலை நான்கு மணிக்கு ஆடினார்கள். நாற்பதாண்டுகளில் அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. லூடோ 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம். ஆனால் அதன் வேர் நம் பச்சீசியில் இருக்கிறது. அக்பரின் அவையில் பகடை ஆட்டங்கள் சில வேளைகளில் மூன்று மாதம் நீண்டன என்றும், பொறுமையிழந்தவர் ஒரு கோப்பை மது அருந்த வேண்டியிருந்தது என்றும் அபுல் ஃபசல் எழுதுகிறார். அம்மாவின் காயைச் சித்தி வெட்டிய மாலைகளில் எங்கள் வீட்டில் காபிகூடக் கிடைக்காது.

"மூளைக்கு நல்லது" என்பது எங்கிருந்து வந்தது? 2005இல் ஜப்பானிய நரம்பியலாளர் ரியூட்டா கவாஷிமாவின் பெயரோடு நின்டென்டோ வெளியிட்ட மூளைப் பயிற்சி விளையாட்டு அதற்கொரு பெரிய வாசலைத் திறந்தது. 2013இல் கலிஃபோர்னியாவில் 60 முதல் 85 வயது வரையிலானவர்களுக்கு ஒரு கார் ஓட்டும் விளையாட்டைப் பன்னிரண்டு மணி நேரம் பயிற்றுவித்தனர். அந்த விளையாட்டில் அவர்கள் பயிற்சியற்ற இருபது வயதினரை விஞ்சினர். பயன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது. 2017இல் கனடாவில் 55 முதல் 75 வயதினர் ஆறு மாதம் சூப்பர் மாரியோ 64 ஆடியபின், நினைவோடு தொடர்புள்ள மூளைப்பகுதியில் வளர்ச்சி காணப்பட்டது. பங்கேற்றவர்களோ சில பத்துப் பேர்தாம். இவை உண்மையான ஆய்வுகள். ஆனால் வணிகம் ஆய்வைவிட வேகமாக ஓடியது. 2014இல் எழுபதளவிலான அறிஞர்கள் இத்தகைய விளம்பரங்களுக்கு எதிராக அறிக்கை விட்டனர். 2016இல் லுமோசிட்டி நிறுவனம் மிகைக்கூற்றுகளுக்காக அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கின்றனர் என்று 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அந்த அச்சம் பொய்யன்று. என் பாட்டி கடைசி மூன்றாண்டுகள் என்னை வேறொருவர் பெயரால் அழைத்தாள். அந்த அச்சத்தில்தான் நான் 2021இல் தந்தைக்கு ஒரு மூளைப்பயிற்சிச் செயலியை ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஏற்றிக்கொடுத்தேன். இரண்டு வாரம் தினமும் ஆடினார். "பரீட்சை எழுதற மாதிரி இருக்கு" என்று விட்டுவிட்டார். ஏன் விட்டீர்கள் என்று நான் கடிந்துகொண்டேன். கேண்டி க்ரஷ் செய்தித்தாளுக்கடியில் போனது அதற்குப் பிறகுதான். மூளைக்கு நல்லது என்ற சமாதானத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நானே.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய ரம்மியில் ஓய்வூதியத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அத்தகைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் சூதின்மேல் கொள்ள வேண்டிய சினத்தை ஆட்டத்தின்மேல் காட்டுவது, பிரேம்சந்தின் கதையைத் தவறாகப் படிப்பதைப் போன்றது.

சென்ற வாரம் தந்தையிடம் உடையாரின் குதிரைப் பாதையைப் பற்றிச் சொன்னேன். "அறுபத்து நாலையும் முடிச்சாரா?" என்று கேட்டார். முடித்தார் என்றேன். பழைய நாட்குறிப்பேடு ஒன்றில் கட்டம் போட்டு, பென்சிலும் அழிப்பானுமாக உட்கார்ந்துவிட்டார். மூளைக்கு நல்லதா என்று கேட்கவில்லை. நேற்று மாலை நிலவரப்படி 57ஆம் கட்டத்தில் நிற்கிறார்; குதிரைக்கு அப்பால் போக வழியில்லை. நான் உதவ முற்பட்டபோது ஏட்டை மூடிக்கொண்டார்.