காலணியும் ஓட்டமும்

1960-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் ரோமாபுரியில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. மாலையில் தொடங்கிய அவ்வோட்டம் முடிவதற்குள் இருள் கவிந்துவிட்டது. பழைய ஆப்பியன் சாலையில் தீப்பந்தங்களின் ஒளியில் வீரர்கள் ஓடினர். எத்தியோப்பிய அரண்மனைக் காவற்படையைச் சேர்ந்த அபெபெ பிக்கிலா என்பவர், கான்ஸ்டன்டைன் வளைவை முதல்வராக வந்தடைந்தார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி! அதுகாறும் எவரும் அத்தூரத்தை அவ்வளவு விரைவில் கடந்ததில்லை. அதனினும் பெருவியப்பு ஒன்று உண்டு. அவர் கால்களில் ஒன்றுமே இல்லை. கிடைத்த காலணிகள் பாதத்துக்குப் பொருந்தாமற்போகவே, பழகிய வெறுங்காலே மேல் எனத் துணிந்துவிட்டார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து ஓடினார். குடல்வால் அறுவை முடிந்து ஏறத்தாழ ஆறு வாரங்களே ஆகியிருந்தும், முன்னையினும் மூன்று நிமிடம் குறைவாக ஓடி வென்றார். அந்த மூன்று நிமிடமும் காலணி தந்த பரிசு எனச் சிலர் கூறுவர். சாலையும் வேறு, காலமும் வேறு, ஓடியவரின் பயிற்சியும் வேறு. அவ்வாறு கணக்கிடுவது எனக்கு முறையாகத் தோன்றவில்லை. காலணி ஓட்டத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிய, வெற்றிப் பட்டியலை விடுத்துப் பாதத்தையே நோக்கவேண்டும்.

நேயர்களே, வெறுங்காலோடு கட்டாந்தரையில் சிறிது தூரம் விரைந்து ஓடிப் பாருங்கள். குதிகாலைத் தரையில் அறைந்து ஓட உங்களுக்கு மனம் வாராது. உங்களை அறியாமலே முழங்கால் சற்று வளையும், எட்டு குறுகும், பாதத்தின் முன்பகுதி முதலில் தரையைத் தொட, குதிகால் பின்னர் மெல்ல இறங்கும். கெண்டைக்கால் தசையும் அதனைக் குதிகாலோடு பிணைக்கும் தடித்த நாணும் வில்லின் நாண்போல் இழுபட்டு, உடலின் பாரத்தை வாங்கிக்கொள்ளும். இனி, குதிகாலின் கீழ் மெத்தென்ற தடித்த அட்டை வைத்த காலணியை அணிந்து ஓடுங்கள். அச்சம் அகன்றுவிடும், கால் முன்னே நீளும், குதிகாலே முதலில் தரையில் விழும். வலி என்னும் ஆசிரியனின் வாயை அந்த மெத்தை அடைத்துவிடுகிறது!

இந்த மெத்தை பிறந்த கதை பழமையானதன்று. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியாளராக இருந்த பில் பவர்மன், 1962-ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்து சென்றார். அங்கு ஆர்தர் லிடியர்டு என்ற பயிற்சியாளர், நோயாளரையும் முதியோரையும்கூட மெல்லோட்டம் ஓடச் செய்திருந்தார். எழுபதைக் கடந்த முதியவர் ஒருவருடன் ஓட முயன்று பவர்மனே பின்தங்கினாராம். நாடு திரும்பியவர் மெல்லோட்டத்தைப் பற்றி 1967-ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். போட்டி வீரரின் பயிற்சியாய் இருந்த ஓட்டம், அலுவலகம் செல்வோரின் காலைப் பழக்கமாயிற்று. நாற்காலியிலேயே நாளைக் கழித்த கால்களுக்கு மெத்தை தேவைப்பட்டது. பவர்மன் 1971-ஆம் ஆண்டு, கட்டம் கட்டமாகப் பள்ளம் விழும் ஒருவகை அப்பம் சுடும் தம் மனைவியாரின் இரும்பு அச்சில் ரப்பர்க் குழம்பை ஊற்றி, தரையைப் பற்றும் அடித்தோல் செய்து பார்த்தார். அச்சு பாழாயிற்று, நைக்கி நிறுவனம் செழித்தது. அந்தப் பத்தாண்டிலேயே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான நுரைப்பொருளும் காலணிக்குள் புகுந்தது. குதிகால்ப் பகுதி முன்பகுதியைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பது வழக்கமாயிற்று.

2010-ஆம் ஆண்டு ஹார்வர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் லீபர்மனும் துணைவரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கென்யாவிலும் அமெரிக்காவிலும் ஓடுவோரை அளந்து பார்த்தபோது, வெறுங்காலில் பழகியோர் பெரும்பாலும் முன்பாதம் ஊன்றி ஓடினர். குதிகால் ஊன்றும்போது தோன்றும் திடீர் அடி அவர்களிடம் ஏறக்குறைய இல்லை. செய்தி பரவியதும், விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய காலுறை போன்ற காலணிகள் கடைகளில் நிறைந்தன. பல்லாண்டு மெத்தையில் வாழ்ந்த கால்களை ஒரே திங்களில் வெறுங்கால் ஆக்கிவிடலாம் எனப் பலர் எண்ணினர். விளைவு இரங்கத்தக்கது. யூட்டா மாநிலத்தில் பத்து வாரம் நடந்த ஓர் ஆய்வில், அத்தகைய காலணிக்கு மாறியோருள் பாதிக்கு மேற்பட்டவர்களின் பாத எலும்புகளில் ஊறு காணப்பட்டது. 2013-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. அதே ஆண்டில், வட கென்யாவின் டாசனாச் மக்களைப் பற்றிய ஆய்வும் வெளிவந்தது. காலணியே அறியாத அவர்களும், மெதுவாக ஓடும்போது பெரும்பாலும் குதிகாலையே முதலில் ஊன்றினர். ஆகவே காலணி ஒன்றே காரணம் என்பாரும், வெறுங்காலே மருந்து என்பாரும் விரைந்து பேசியவரே ஆவர்.

இதற்கிடையே வேறொரு காலணி வந்தது. 2017-ஆம் ஆண்டு நைக்கி நிறுவனம், துள்ளும் நுரைக்குள் வளைந்த கரியிழைத் தகடு பதித்த காலணியைக் கொணர்ந்தது. இது அடியைத் தாங்குவதோடு நில்லாமல், அழுந்திய விசையின் பெரும்பகுதியை ஓடுபவனுக்கே திருப்பித் தருகிறது. அதே வேகத்தில் ஓடச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு குறைந்ததாக அளந்தனர். ஓடுவது மனிதனா, காலணியா என்ற வழக்கு எழுந்தது. உலகத் தடகள அமைப்பு 2020-ஆம் ஆண்டு சனவரியில், சாலை ஓட்டக் காலணியின் அடித்தடிப்பு 40 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும், ஒன்றுக்கு மேல் தகடு கூடாது என்றும் விதித்தது.

அவ்விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் வியன்னா மாரத்தானில் டெராரா ஹுரிசா என்பவர் முதலாவதாக வந்தார். அவரும் பிக்கிலாவைப் போல் எத்தியோப்பியரே. சற்று நேரத்தில் நடுவர்கள் அவர் காலணியின் அடியை ஆராய்ந்தனர். அதன் தடிப்பு 50 மில்லிமீட்டர். மூன்று விநாடி பின்னே வந்த கென்ய வீரர் லியனார்டு லங்காட்டுக்கு வெற்றி அளிக்கப்பட்டது.