தேயிலைக்குப் பின்னால் ஒரு நிலக்கரி ஊர்

கேமரன் மலை என்றதும் மாணவர்கள் தேயிலை, ஸ்ட்ராபெர்ரி, குளிர் என்று சொல்வார்கள். நிலக்கரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1929இல் அந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸல் அதற்கு முன்பே நிலக்கரி முதலாளி. சிலாங்கூரில் ரவாங்குக்குப் பக்கத்தில் உள்ள பத்து ஆராங், அவர் தலைமையேற்று நடத்திய மலாயன் கோலியரிஸ் நிறுவனத்தின் ஊர். மலாய் மொழியில் பத்து ஆராங் என்றாலே நிலக்கரிதான். தோட்டம் இன்னும் ரஸ்ஸல் குடும்பத்தின் கையில் நடக்கிறது. சுரங்கம் 1960இல் மூடப்பட்டுவிட்டது.

கடந்த பள்ளி விடுமுறையில் தம்பியும் நானும் இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்து வந்தோம். முதலில் மலை. எங்கள் அப்பாயி ரிங்லெட் பக்கம் கொழுந்து பறித்தவர். பிறகு தாப்பா வழியாக இறங்கி, நெடுஞ்சாலையில் தெற்கே வந்து ரவாங்கில் திரும்பினோம். "சுரங்க ஊருன்னா ஈயம்தானேக்கா, நிலக்கரி எங்கேருந்து வந்துச்சு?" என்று தம்பி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். நல்ல கேள்விதான். உங்கள் மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

எஸ்.பி.எம். வரலாற்றில் பிரிட்டிஷ் காலப் பொருளாதாரம் பற்றிக் கேட்டால் ஈயம், ரப்பர் என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். ஈயத்தையும் ரப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோன ரயில் எதில் ஓடியது? கோலாலம்பூருக்கு வெளிச்சம் கொடுத்த பங்சார் மின்நிலையம் எதை எரித்தது? பத்து ஆராங் நிலக்கரியை. விடையை மலாயில் எழுதுங்கள், யோசனை எந்த மொழியிலும் வரலாம். ஆனால் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது யோசித்துவிட்டு எழுதினால் விடையில் தெளிவு வரும்.

பத்து ஆராங்கில் நிலக்கரி இருப்பது 1908 வாக்கில் தெரியவந்தது. 1913இல் நிறுவனம் உருவானது, 1915இல் உற்பத்தி தொடங்கியது. திறந்தவெளிக் குழிகளிலும் வெட்டினார்கள், பூமிக்கு அடியில் குடைந்தும் எடுத்தார்கள். கரியோடு நிற்காமல் செங்கல் சூளை, ஒட்டுப்பலகை ஆலை என்று கம்பெனி விரிந்தது. வேலை கொடுத்தது கம்பெனி, வீடு கொடுத்தது கம்பெனி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. அங்கே தோட்டத் துரை, இங்கே சுரங்க மேனேஜர், அவ்வளவுதான் வித்தியாசம். சுரங்கத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் சீனர்கள். தமிழர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள்.

இந்த ஊரின் வரலாற்றில் நீங்கள் நின்று படிக்க வேண்டிய இடம் 1937. முந்தைய ஆண்டே ஒரு வேலைநிறுத்தம் நடந்திருந்தது. 1937 மார்ச்சில் 5,000 பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். வெறுமனே வீட்டில் உட்காரவில்லை. சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு குழு அமைத்து ஊரை நடத்தினார்கள். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் செல்வாக்கு அதில் இருந்தது. சில நாட்களில் போலீஸ் படை புகுந்து அதை உடைத்தது.

அரசாங்கம் ஏன் இவ்வளவு பதறியது? பால்மரம் வெட்டுபவர்கள் ஒரு வாரம் நிறுத்தினால் முதலாளிக்கு நஷ்டம். பத்து ஆராங் ஒரு வாரம் நின்றால் ரயிலும் மின்சாரமும் நிற்கும் அபாயம். தொழிலாளியின் பலம் அவன் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதிலும் இருக்கிறது. இதே இடம்தான் 1948 ஜூலையில், அவசரகாலம் அறிவித்துச் சில வாரங்களுக்குள், கெரில்லாக்கள் தாக்கிய இடமும்.

அந்தப் பலமே பிறகு பலவீனமாகிவிட்டது. போருக்குப் பின் ரயில் எண்ணெய்க்கு மாறியது, டீசல் எஞ்சின்கள் வந்தன. பெரிய வாடிக்கையாளர் கைவிட்டதும் கரியை வாங்க ஆள் இல்லை. கரி தீர்ந்துபோய் ஊர் படுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவை தீர்ந்தது. காரணம் எழுதும்போது பலர் இங்கே தவறுகிறார்கள்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்? ஊர் முழுக்கக் காலியாகவில்லை, ஆட்கள் இருக்கிறார்கள், காப்பிக் கடை இருக்கிறது. ஆனால் சூளையின் புகைபோக்கிகள் புதருக்கு நடுவே நிற்கின்றன. கூரை இல்லாத கட்டடங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு மரம் வளர்ந்திருக்கிறது. கரி வெட்டிய குழிகளில் தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. அந்தக் காலத்துச் செங்கல் கடை வரிசை இன்னும் இருக்கிறது. மாணவர்களைக் கூட்டிப் போனால் இடிந்த கட்டடத்துக்குள் விடாதீர்கள். தம்பி புகைபோக்கியை ரொம்ப நேரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நேத்து பார்த்த லயத்தைவிட இது பரவாயில்ல" என்றான்.

அவன் எதைச் சொன்னான் என்று எனக்குப் புரிந்தது. தேயிலைக்கு ஒரே வாடிக்கையாளர் இல்லை, வீட்டுக்கு வீடு தேநீர் குடிக்கிறார்கள். அதனால் தோட்டம் பிழைத்தது. பச்சை அப்படியே இருக்கிறது, சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன. ஆனால் அப்பாயி இருந்த லயத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. இன்று மலைத் தோட்டங்களில் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். பல சரிவுகளில் கையால் கிள்ளுவதும் இல்லை, இரண்டு பேர் பிடித்து நடக்கும் இயந்திரம் வெட்டுகிறது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன் பிறகு புது ஆள் வரத்து குறைந்தது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் படித்து ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட்டார்கள். நாங்களும் அப்படி இறங்கியவர்கள்தான். கைவிட்ட ஊர் என்றால் இடிந்த சுவரைத்தான் தேடுகிறோம். தொழில் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சமூகம் முழுவதும் அங்கிருந்து வெளியேறியிருக்கலாம்.

பத்து ஆராங்குக்காவது ஒரு வேலைநிறுத்தம் இருக்கிறது, அதனால் போலீஸ் அறிக்கைகளிலும் பத்திரிகைகளிலும் அதன் தொழிலாளி வருகிறான். அமைதியாகக் கொழுந்து பறித்தவர்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுத்து இல்லை. எனவே ஆசிரியர்களே, அடுத்த வட்டார வரலாற்றுப் பணிக்கு மாணவர்களிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்: வீட்டில் மூத்தவரிடம் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் கங்காணி, எந்த ஆண்டு இறங்கினீர்கள், ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டு, அவர் சொன்ன பேச்சு மொழியிலேயே எழுதி வரட்டும். "ஏன்" என்ற கேள்விக்கு வருகிற பதிலை மட்டும் திருத்த வேண்டாம்.