கரும்புண்: விதைக் கோதுமையைத் தின்ற ஊர்கள்



பிளஸ் டூ வகுப்பில் நான் பென்சீன் வளையம் போட்டது சிலருக்காவது நினைவிருக்கும். அதில் ஆறு ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டு ஆறு குளோரினை வைத்தால் ஹெக்சாகுளோரோபென்சீன். (நம் வயல்களில் ஒரு காலத்தில் தூவிய பி.எச்.சி. பவுடர் இதுவல்ல. அது பென்சீன் ஹெக்சாகுளோரைடு. இந்த இரண்டையும் குழப்பி மார்க் இழந்தவர்கள் இப்போது சிரிக்கலாம்.) அந்தச் சேர்மம் ஒரு நாட்டில் செய்த வேலையைச் சொல்ல அன்று பீரியட் போதவில்லை.

1950-களின் நடுவில், துருக்கியின் தென்கிழக்கே தியார்பகிர், மார்தின், உர்ஃபா பகுதிகளில் விவசாயிகளுக்கு அரசு விதைக் கோதுமை வழங்கியது. கரிப்பூட்டை நோய் தாக்காமலிருக்க அதில் இந்த மருந்தைக் கலந்திருந்தார்கள். விதைக்கத்தான் கொடுத்தார்கள். ஆனால் வீட்டில் தானியம் இல்லை. அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். விதைநெல்லில் கை வைக்காதே என்பார் என் பாட்டி. அது வயிறு நிறைந்தவர் சொல்லும் பேச்சு என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

1955 முதல் பிள்ளைகளின் முகத்திலும் கைகளிலும், அதாவது வெயில் படும் இடங்களில் மட்டும், கொப்புளங்கள் கிளம்பின. அவை உடைந்து ஆறாமல் தழும்பாயின. தோல் கறுத்தது. முகத்தில் ரோமம் அடர்ந்தது. சிறுநீர் சிவந்தது. ஊரார் வைத்த பெயர் 'கரா யாரா', கரும்புண்.

நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம், உடலில் பல படிகளில் தயாராகிறது. கல்லீரலில் அதில் ஒரு படிக்கான நொதியை இந்த நஞ்சு முடக்கிவிடும். பாதியில் நின்ற போர்ஃபைரின்கள் தேங்கித் தோலுக்கு வந்து சேரும். அவற்றின் மேல் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். போர்ஃபைரியா என்ற நோய்க் குடும்பத்தில் பல வகைகள் பரம்பரையாக வருபவை. இதுவோ மாவில் வந்தது.

ஜிஹாத் சாம் என்ற மருத்துவர் 1958-இல் இதைக் குழந்தைகளைத் தாக்கும் புதிய தோல் நோய் என்று எழுதினார். அடுத்த ஆண்டே விதைக் கோதுமையில் கலந்த மருந்துதான் காரணம் என்று சொன்னார். 1959-இல் அரசு அந்த மருந்தை நிறுத்தியது. 1961-இல் எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுக்கும் போர்ஃபைரியா வந்தது. அதற்குள் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 3,000 முதல் 4,000 பேர். பெரும்பாலோர் 4 முதல் 14 வயதுப் பிள்ளைகள்.

எனக்கு மனம் ஆறாதது இன்னொன்று. கோதுமையையே தொடாத கைக்குழந்தைகளும் இறந்தன. தோலில் இளஞ்சிவப்புப் புண்கள், தளர்ச்சி, வலிப்பு, பிறகு மரணம். இதற்கு 'பெம்பே யாரா' என்று பெயர், இளஞ்சிவப்புப் புண். நஞ்சு தாய்ப்பாலில் போயிருந்தது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் பாலில் எளிதாகச் சேர்ந்துவிட்டது. பல கிராமங்களில் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளே மிஞ்சவில்லை. பசியாற்றத்தான் அந்தத் தாய்மார்கள் பால் கொடுத்தார்கள்.

இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து, பிழைத்தவர்களில் 200-க்கும் மேற்பட்டோரை மருத்துவர்கள் தேடிப் போய்ப் பார்த்தார்கள். முகத்தில் தழும்பு அப்படியே இருந்தது. பலருக்குக் கைவிரல்கள் வளராமல் சிறுத்திருந்தன. அன்றைய சிறுமிகள் அதற்குள் தாயாகியிருந்தார்கள். அவர்களுடைய பாலைச் சோதித்தபோது, அதில் ஹெக்சாகுளோரோபென்சீன் இன்னமும் இருந்தது.